ஒரே கையெழுத்தில் ஏழு அஞ்சலட்டைகள்

1
வானொலியின் பொற்காலம் பற்றி இனிக்க இனிக்க எழுதித் தருமாறு வெள்ளவத்தையில் ஒரு விழா மலர்க்குழு கேட்டது. பொற்காலமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: ‘அந்தி வேளை. வீடுதோறும் தேனிசை வழிந்தோட…’

(அடித்துவிட்டேன். பொய்.)

2
ஆண்டு 1968. கொழும்பில் ஒரு வானொலி நிலையம். (நிலையம் நான் கற்பனையில் கட்டியது, கோபம் அசல்.) நேயர் விருப்பப் பாடல்களுக்கு வரும் அஞ்சலட்டைகளைப் பிரிப்பது என் வேலை. ஒருநாள் மட்டக்குளியிலிருந்து ஏழு அட்டைகள்: ஏழு பெயர்கள், ஒரே கையெழுத்து. ‘மோசடி’ என்று குறித்து மேலே அனுப்பினேன்.

அறிவிப்பாளர் அன்று மாலையே நாடு முழுக்கக் கேட்கும்படி ஒலிபரப்பில் சொன்னார்: “மட்டக்குளியில் ஒருவர் ஏழு பெயர்களில் எழுதி நம்மை ஏமாற்றப் பார்க்கிறார். வெட்கம்!”

கேட்டிருந்ததோ ஏழு வேறு வேறு பாடல்கள்.*

* ஏமாற்றுகிறவர் ஒரே பாட்டையல்லவா ஏழு தடவை கேட்பார்? இது அன்று என் மண்டையில் ஏறவில்லை.

3
மறுநாள் காலை நிலைய வாசலில் கொன்ஸ்ரன்ஸ் நின்றார். எழுதத் தெரியாத அயலவர்களுக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். அது அந்தத் தெருவுக்கே தெரியும். ஏழு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்.

“ஏழு பேரும் உயிரோட நிக்கினம். எண்ணிப் பாருங்கோ!”

“யன்ன, யன்ன,” என்று காவலாளி சிங்களத்தில் விரட்டினார்.

“றேடியோவில என்னைக் கள்ளி எண்டு சொன்னனீங்கள். அதே றேடியோவில இந்தச் சனத்தின்ர பேரை ஒருக்கா வாசியுங்கோ. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

துறைமுக வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்த பழனிமுத்து அவரைத் தேற்றினார்: “விடுங்கக்கா, பாட்டு இல்லாட்டி செத்தா போயிருவோம்?”

நான் மாடி ஜன்னலில் நின்றேன். இறங்கிப் போய், ‘தவறு என்னுடையது’ என்று

(இல்லை. இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். கதையில்கூட எனக்கு அந்த யோக்கியதை வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து உள்ளேயே இருந்தேன்.)

4
அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்டதாக முடிக்கலாம். பேனா என் கையில்தானே! ஆனால் அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பெயர்களை இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை.

ஆகவே நீங்கள் வாசியுங்கள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு.

‘மட்டக்குளியிலிருந்து விரும்பிக் கேட்பவர்கள்: பழனிமுத்து, இருளப்பன், விசாலம், பலீல், ஐறீன், பேர்னாட், சீதை.’

பிறகு கொன்ஸ்ரன்ஸ். ஏழு அட்டைகளில் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. தனக்கென்று அவர் ஒரு பாட்டும் கேட்டதில்லை.

அவருக்கு ஒன்று போடுங்கள்.