இடிக்கு முந்தின மழை

காலை ஏழே கால் ஜீப்பில் நதியா ஆலங்காயத்திலிருந்து மலைமேல் வந்தாள். மடியில் லேப்டாப்.

நெல்லிவாசல்நாட்டில் ஈஸ்வரி வீட்டு மாடியில் இருந்த மழைமானி நதியா செய்தது. அதை ஓட்டும் புரோகிராமும் அவள் சி மொழியில் எழுதியதுதான். வெள்ளிக்கிழமை மழையில் லட்சுமணனின் சாமைக் கொல்லை சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. மழைக்குப் பதிவு இருந்தால் மறுபடி விதைக்கச் சாமை தருவதாக வேளாண் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் இந்த வருஷம் கொல்லை தரிசு.

மானியின் பதிவுக் கோப்பைத் திறந்தாள். வெள்ளி காலை வரை இருந்தது. அடுத்த வரி சனி; நடுவில் பெய்த மழை இல்லை.

ஈஸ்வரி நம்பவில்லை. மானியின் குட்டித் திரையில் எண் ஏறுவதைப் பார்த்து லட்சுமணனுக்குப் போன் செய்து சொன்னதே அவள்தான். லட்சுமணன் வாசலில் நின்று சிரித்தார்.

"இது என் மச்சான் மாதிரி. எல்லாத்தையும் பாக்கும், சாட்சி சொல்லக் கூப்டா வராது."

நதியா புரோகிராமை மேலிருந்து படித்தாள். கோப்பைத் திறக்கும் open சரி. write ஒவ்வொரு முறையும் 'எழுதியாச்சு' என்றுதான் பதில் சொல்லியிருக்கும். ஆனால் அது எழுதுவது கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில். உடனே மெமரி கார்டில் இறக்க fsync என்று இன்னோர் அழைப்பு வேண்டும். கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அவள் அதைப் போடவில்லை. மணிக்கு ஒரு தரம் தானாக இறங்கட்டும் என்று விட்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை கரண்ட் போச்சாக்கா?"

"போவல. அரை மணி கொட்டுச்சு. அப்புறம் இடி. மெயினை அணைச்சிட்டேன். இடின்னா இங்க எல்லா வூட்லயும் அணைச்சிடுவோம்."

தப்பு தன்னுடையது, ஒரு வரியைத் தானே போடாமல் விட்டதுதான் என்று நதியா லட்சுமணனிடம் சொன்னாள். எப்போதும் போல மாமா என்று கூப்பிட வந்து, கூப்பிடவில்லை. அவர் சரிந்த பக்கம் பார்த்தபடி நின்றார்.

"உடும்மா. கொல்லையே போச்சு, எழுத்து போனா இன்னா."

ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.

நதியா அந்த வரியைச் சேர்த்தாள். மானியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மெயினை அணைத்து மறுபடி போட்டாள். தண்ணீர் கோப்பில் இருந்தது.

ஈஸ்வரி சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அணைக்காம இருந்திருந்தா, லட்சுமணன் அண்ணனோட மழை அதுல இருந்திருக்குமா?"