கால் மணி நேரப் பேச்சு

பேரிக்காயின் தலையை மூடிபோலச் சீவி எடுத்துவிட்டு, உள்ளிருந்த விதைகளைக் கரண்டியால் குடைந்துகொண்டிருந்தாள் பெய்ஜென். தம்பி யான்மிங் பின்னால் வந்து நின்றான். மருத்துவமனையில் நோயாளிகளிடம் பேசும் அதே குரலில் சொன்னான்.

"அக்கா, அப்பா இன்னிக்குப் பொழுதத் தாண்டறதே கஷ்டம். நுரையீரலே போயிடுச்சு. பேரிக்காய அவிச்சு என்ன ஆகப்போகுது?"

"நுரையீரலுக்கு யாருடா குடுக்கறா? தொண்டைக்கு. வாயத் தொறந்தாலே வறட்டு இருமல். அவருக்குப் பேசணும். தாங் மாமா வர்றார்."

"தாங் மாமாவா? இங்கயா?"

"அப்பாதான் என் உள்ளங்கையில அவர் பேர எழுதிக் காட்டினார்."

இருமலை அடக்கும் சுவான்பெய் கிழங்கை இடித்த பொடியையும் நாலு துண்டு கற்கண்டையும் குழிக்குள் போட்டு, சீவிய மூடியைப் பொருத்தி ஆவியில் வைத்தாள். கை எங்கும் தயங்கவில்லை. ஏழு மாதமாக அந்த இருமலோடு வாழ்ந்தவள். இந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அவளுக்குத் தெரியும்.

பட்டு நெய்யும் ஆலையில் முப்பது வருஷம் அப்பாவோடு வேலை பார்த்தவர் தாங். சதுரங்கத்தில் வந்த சண்டையில், பதினோரு வருஷமாக இந்தப் படி ஏறவில்லை. வந்தவர் கட்டிலருகே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார்.

பெய்ஜென் சாற்றைத் துளித்துளியாக ஊட்டினாள். ஆறாவது கரண்டியில் இருமல் அடங்கியது.

"அன்னிக்கு நீ ஒண்ணுக்குப் போனப்ப," என்றார் அப்பா, "உன் குதிரைய நான்தான் நகத்தினேன்."

"தெரியும்டா திருட்டுப்பயலே."

"தெரிஞ்சுமா வராம இருந்த?"

"நீயே சொல்லட்டும்னு இருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். இருமல் வரவில்லை. வாசற்படியில் நின்ற யான்மிங் கடிகாரத்தைப் பார்த்தான். கால் மணி நேரம் ஆலைக் கதைகள் ஓடின. அப்புறம் அப்பா மகன் பக்கம் திரும்பினார்.

"டாக்டரே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்ப்பா," என்றான். சாப்பிட்டிருக்கவில்லை.

அப்பா கண்ணயர்ந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது. நாடி பார்த்த யான்மிங் வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு உறவினர்களுக்குச் சொல்லப் போனை எடுத்தான், எண்ணை அழுத்தாமலே கையில் வைத்திருந்தான். பெய்ஜென் அதை வாங்கிக்கொண்டாள்.

"ஆமா சித்தப்பா. பதினொண்ணே முக்காலுக்கு. இல்ல, கஷ்டப்படல. பேசிட்டுத்தான் போனார்."

அடுத்த எண்ணைத் தேடியபடி உள்ளே பார்த்தாள். தாங் குனிந்து, விலகிக் கிடந்த கம்பளியை இழுத்து அப்பாவின் பாதங்களை மூடி, ஓரத்தைச் செருகினார். பிறகு எழுந்து சுற்றிப்போய், மறுபக்கத்தையும் மெத்தைக்கு அடியில் செருகினார்.