அலன் றைட் காப்பகத்தில் கதிரவேலு

கதிரவேலு இறந்து முப்பத்தாறு வருடங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, சுவிஸில் வில் நகருக்கு அருகிலுள்ள அலன் றைட் நூலக ஆவணக் காப்பகத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தார். அன்று வெளியே மூன்று பாகை. அலன் றைட் ஒருகாலத்தில் அமெரிக்காவின் சொக்டோ பழங்குடி மக்களுக்குத் தலைவராக இருந்தவர். ஒக்லஹோமாவில் சம்பாதித்த சுவிஸ்காரர் ஒருவர், அந்தப் பெயரை வைத்தால்தான் கட்டடம் என்று உயில் எழுதிப் போனதால், மாடு மேய்கிற சரிவில் அந்தப் பெயர் நிற்கிறது.

அங்கே இருபத்தொன்பது வருடமாகத் தரை துடைப்பவர் கதிரவேலுவின் மகன் ஜெகதீஸ்வரன். இலங்கையிலிருந்து அகதியாக வந்த நாளில் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதினார். அதையே குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இந்த நாட்டில் தகப்பன்மாரின் பெயரில்தான் உழைக்கிறோம். பாராட்டும் அவர்களுக்கு, ஏச்சும் அவர்களுக்கு. குனிந்து குனிந்து வருகிற நாரிப்பிடிப்பு மட்டும் எங்களுக்கு. ‘ஹெர் கதிரவேலு’, அதாவது திருவாளர் கதிரவேலு, என்று நாளுக்குப் பத்துத் தரம் கூப்பிட்டதில், கடைசியில் உரியவரே வந்துவிட்டார். “எத்தினை தரமெண்டுதான் கேக்காத மாதிரிக் கிடக்கிறது” என்றார். மேற்பார்வை பார்க்கிற பெண்மணி ஃபிரவ் ரூஷ் அவருக்கு நீல மேலங்கி ஒன்று கொடுத்தார்.

முதல் நாளே அவர் மகனின் வேலையில் பிழை பிடித்தார்.

“மூலையளை ஆர் துடைக்கிறது, உன்ரை கொப்பனோ?”

“ஓமப்பா, நீங்கள்தான்.”

சிக்கல் என்னவென்றால், ஓய்வுபெறுகிறவர்களின் பெயரை அங்கே பித்தளைத் தகட்டில் பொறிப்பார்கள். ஒருதரமாவது தன் சொந்தப் பெயர் எழுத்தில் கிடக்க வேண்டுமென்று, அந்த வருடம் ஓய்வுபெற இருந்த ஜெகதீஸ்வரன் பெயர்த் திருத்தத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தார். அலன் றைட் என்பதே பள்ளிக்கூடத்துப் பாதிரிமார் கொடுத்த பெயர்தான், பிறந்தபோது வைத்தது வேறு என்று சொல்லி, ஃபிரவ் ரூஷ் மிகுந்த அக்கறையோடு உதவினார். கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால், முதலாம் திகதியிலிருந்து எல்லோரும் அவரை ஹெர் ஜெகதீஸ்வரன் என்பார்கள்.

கதிரவேலு தரை துடைக்கிற துணியைப் பிழிந்தபடி, “அப்ப என்னை ஆர் கூப்பிடுறது?” என்று மட்டும் கேட்டார்.

அவர் செத்தபோது மகன் அகதி முகாமில் இருந்தார். நாட்டை விட்டு வெளியேற அனுமதி இல்லை. செத்தவீட்டுக்குப் போகாமல், முகாமில் அன்றைக்கு உருளைக்கிழங்கு உரித்தார். அதை இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

கடிதம் பத்து நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பதினோராம் நாள் ஜெகதீஸ்வரன் அதைக் கிழித்தார். மனைவி ஞானேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்கெண்டு ஒரு பேர் வேண்டாமே?”

“நாப்பது வருசமா நீ ‘இஞ்சேருங்கோ’ எண்டுதானே கூப்பிடுறாய். நான் வரேல்லையோ?”

தகட்டில் கதிரவேலு என்றே பொறித்தார்கள். ஓய்வுக்குப் பிறகும் பல் வைத்தியரும் வரிக் கந்தோரும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். இருவருமாகவே போய் வருகிறார்கள். பனி விழத் தொடங்கியதும், வாழ்நாளில் சப்பாத்துப் போடாத கதிரவேலுவைக் கடைக்குக் கூட்டிப்போய் அளவு பார்த்தார்கள். நாற்பத்தொன்று. வலது கால் மட்டும் கொஞ்சம் இறுக்கம் என்றார்.