கழுத்தில் பெயர் கட்டிய பாட்டில்கள்

ரியோஜி நாற்காலியின் மேல் ஏறி நின்று அலமாரியிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்தான். சடயோ இரண்டு கையாலும் வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, இரும்புக்கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். எல்லாம் கிழங்குச் சாராயம். சிலவற்றில் பாதி, சிலவற்றில் கால், ஒன்றிரண்டில் அடியில் விரலளவு. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கோத்த ஒரு மரச்சில்லு. அதில் அவள் கையெழுத்தில் ஒரு பெயர். கப்பல் கட்டும் தளத்து ஆட்கள் முழு பாட்டிலாக வாங்கி, குடித்த மிச்சத்தை இங்கேயே விட்டுப் போவார்கள். அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் கேட்காமலே அது அவர்கள் முன்னால் வந்து நிற்கும்.

"மேல என்ன வைக்கப்போற?"

"படம்மா. கோழித்தோல் படம், பெருசா. கீழ ஊர் பேரு. வர்றவங்க அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

"பாட்டிலெல்லாம்?"

"பின்னால குளிர்பெட்டிக்கிட்ட வை. இப்ப யாரு வந்து கேக்கறாங்க?"

அவன் சொன்னது உண்மைதான். யாரும் வந்து கேட்கவில்லை.

ஜப்பானின் இந்தத் துறைமுக ஊரான இமாபாரியில் கோழியைக் குச்சியில் குத்திக் கனலில் வாட்டுவதில்லை. தோலைச் சூடான இரும்புக்கல்லில் பரப்பி, மேலே ஒரு கனத்த இரும்புக் கட்டியை வைத்து அழுத்திவிடுவார்கள். கப்பல்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது, அதனால்தான் இப்படி என்று ஊரில் சொல்வார்கள். உட்கார்ந்தவுடன் ஒரு தட்டு தோல், கடித்துக்கொள்ளப் பச்சை முட்டைகோஸ், எழுந்து போகும்போது பொரித்த கோழி. இதில் வியக்க ஒன்றும் இருப்பதாகச் சடயோவுக்குத் தோன்றியதில்லை. பிறகு டிவி பயண நிகழ்ச்சிக்காரர்கள் டோக்கியோவிலிருந்து வந்தார்கள். ஒரு பெண் தோலை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தீவுப் பாலங்களில் சைக்கிள் ஓட்டி வருகிறவர்கள் இறுக்கமான வண்ண உடையோடு கடை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

ரியோஜி அப்போது ஓசகா வேலையை விட்டுவிட்டு வந்து, மாடியில் படுத்துக் கிடந்தான். அப்பா இறந்தபோதுகூட மூன்று நாளில் திரும்பிப் போனவன். வரிசையைப் பார்த்ததும் எழுந்து வந்து இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டான். இந்தக் கூட்டம் நிற்கும்வரை இவன் நிற்பான் என்று சடயோ அன்றே கணக்குப் போட்டுவிட்டாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஓச்சி சான் அந்த வாரமே ஒரு சாயங்காலம் வந்தார். தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புக்கல்லை ஒட்டிய மூலை இருக்கை அவருடையது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். சடயோவைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். கடை நடத்துகிற பெண்ணை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் திரையை விலக்கி உள்ளே பார்த்தார். மூலையில் ஒரு பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எத்தன பேருங்க?" என்றான் ரியோஜி.

"நானும் என் முட்டியும். ரெண்டு பேரு."

"கொஞ்சம் வரிசையில நில்லுங்க சார். அரைமணிதான்."

"கோழித்தோலுக்கு அரைமணியா? நாங்க அதுக்குள்ள கப்பல்ல ஒரு பக்கத்த ஒட்டிருவோம்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போய் வரிசையின் கடைசியில் நின்றும் பார்த்தார். சடயோ இரும்புக் கட்டியை அழுத்தியபடி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். 'உள்ள வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சமையற்கட்டுப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டிருக்கலாம். வரிசையில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. மகன் முகம் எப்படிப் போகும் என்றும் தோன்றியது. தோலைத் திருப்பிப் போட்டு நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. தளத்து ஆட்கள் மற்றவர்களும் அப்படித்தான் விலகிப் போனார்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வழியில் பார்த்தால் குனிந்து வணங்கி, கடை நன்றாகப் போகிறதாமே, ரொம்ப சந்தோஷம் என்றார்கள்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், துடைப்பத்தோடு, அடுத்தவர் பொருளை வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியது, அவர்களுடையது. கடை விடுமுறை நாளில் ஒவ்வொரு பாட்டிலையும் காகிதத்தில் சுற்றினாள், கூடவே ஒரு பயறு இனிப்புப் பெட்டி வாங்கினாள், வீடு வீடாகப் போனாள். ஓச்சி சான் வீடு மேட்டில் இருந்தது. அவர் வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இத்தன நாளா உங்க இடத்த அடைச்சிக்கிட்டு இருந்துருச்சு. மன்னிச்சுக்கங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்ல. பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

"மேடேறி வந்திருக்கீங்க, ஷிகெமட்சு சான். ரொம்ப நன்றி."

ஒரு வேலை ஒழுங்காக முடிந்த நிம்மதியோடுதான் அவள் இறங்கினாள். பாதி மேட்டில் கால் நின்றுவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் அவளை ஷிகெமட்சு என்று, குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாட்டிலைக் கையில் கொடுத்தால், இனி வர வேண்டாம் என்று பொருள். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்று காலை காகிதம் சுற்றும்போது மட்டும் தெரியாமல் போனது. திரும்பி ஏறிப் போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். பிறகு மெதுவாகக் கீழே இறங்கினாள்.

அடுத்த வசந்தத்தில் ஓசகாவில் ஒரு பெரிய அங்காடியில் வெளியூர்ச் சாப்பாடுகளுக்கென்று ஒரு தளம் திறந்தார்கள். அங்கே கடை போட ரியோஜியைக் கூப்பிட்டார்கள்.

"இங்க?" என்றாள் சடயோ.

"இங்கதான் நீ இருக்கியேம்மா."

பெட்டி கட்டும்போது, "அந்தப் பழைய இரும்புக் கட்டிய எடுத்துக்கட்டுமா? அப்பா அழுத்தினதுன்னு சொன்னா சனங்களுக்குப் புடிக்கும்" என்றான். அவள் அதைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, துண்டில் சுற்றிக் கொடுத்தாள். கோடையில் நிகழ்ச்சிக்காரர்கள் வேறு ஊருக்குப் போய் வேறு எதையோ தின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். சைக்கிள்காரர்கள் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படம் எடுத்துவிட்டு, நேரமில்லை என்று போனார்கள். சடயோ புதிதாக வாங்கிய, இன்னும் கை பழகாத கட்டியோடு, பெரிய படத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை கடைக்கு விடுமுறை. இருட்டுவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்தில், அவளைப் போலவே கோழித்தோல் கடை நடத்தும் கியோமியின் கடைக்குப் போனாள். திரைக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போனதும் அது நின்றது. அவள் கடைக்கு வந்துகொண்டிருந்த தளத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓச்சி சான்தான் முதலில் எழுந்தார்.

"அடடே, ஷிகெமட்சு சான். வாங்க வாங்க. டேய், தள்ளுங்கடா, இடம் குடுங்க."

எல்லோரும் ஆளுக்கு ஒரு கையளவு நகர்ந்தார்கள். நடுவில் ஓர் இடம் உண்டானது. அவளுக்கு முன்னால் முட்டைகோஸ் வந்தது. மகன் எப்படியிருக்கிறான் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறான் என்றாள். பெரிய ஊர்ல கடையா, கெட்டிக்காரன் என்றார்கள். தலையாட்டினாள். பேச்சு அவளுக்கு இருபக்கமும் மரியாதையாக நின்று நின்று போனது.

"அக்கா, தோல் ஒண்ணு" என்றார் ஓரத்திலிருந்து ஒருவர்.

"இதோ" என்று சடயோவின் தொண்டை வரை வந்துவிட்டது. இடுப்பு இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கியோமி, "இதோ" என்றாள். ஓச்சி சான் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

அவர் முன்னால் ஒரு புது பாட்டில். கழுத்தில் மரச்சில்லு, கியோமியின் வட்டமான எழுத்து. சடயோ பார்வையை விலக்கி மேலே பார்த்தாள். அலமாரியின் கடைசியில், மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, இன்னொன்று இருந்தது. அந்தச் சில்லில் அவள் கையெழுத்து. சாராயம் லேபிளின் கீழ்விளிம்புவரை நின்றது, அன்றைக்கு அவள் துடைத்துச் சுற்றியபோது இருந்த அதே அளவு.

"அது..." என்றாள்.

"அத எடுக்க விடமாட்டேங்கறாரு" என்றாள் கியோமி, தோலைப் பரப்பியபடி. "அவரும் குடிக்கறதில்ல."

ஓச்சி சான் ஒரு முட்டைகோஸ் துண்டை எடுத்துச் சாற்றில் தோய்த்தார், கடித்தார். கியோமி கட்டியை வைத்து அழுத்தினாள். கொழுப்பு சீறி, ஆவி எழுந்து அலமாரியை மறைத்தது. அது விலகட்டும் என்று சடயோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவளுடைய உள்ளங்கை, கீழே கட்டி இல்லாமலே, அழுத்திக்கொண்டே இருந்தது.