உலக முடிவுக்குப் போகும் ஜீப்

தகப்பனின் பிடிக்குள் அகப்பட்டிருந்த தன் கையைப் பராசக்தி ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டிருந்தாள். தம்பிஐயா அந்தக் கையைக் கியர்க்கம்பி என்று நினைத்திருந்தார். முன்னால் தள்ளுவார், கொஞ்சம் பொறுப்பார், பிறகு தன் பக்கம் இழுப்பார். போர்வைக்குள் கால்கள் மாறி மாறி அமுங்கின.

“ஹோல்ட் டைட், மேடம்!” என்றார். நேற்றுவரை தண்ணீர் கேட்கக்கூட எழும்பாத குரல் இப்போது வீடு முழுக்கக் கேட்டது. “கல்லு ரோட்டு. இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.”

“அப்பா, மெல்லக் கதையுங்கோ. ஆக்கள் வருகினம்.”

“வரட்டும், வரட்டும். பின்னுக்கு இடம் கிடக்கு.”

வாசல் கேற்றின் கொளுக்கி கழலும் சத்தம் கேட்டது. பராசக்தி யன்னல் இடுக்கால் பார்த்தாள். வந்தது மீனாம்பிகை, அவளுடைய கணவன் சோமசேகரத்தின் மூத்த தமக்கை. கொடிகாமத்திலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் மினிவானில் நெருக்குப்பட்டு வந்து, சந்தியில் இறங்கி, சேலைத் தலைப்பை வெயிலுக்குத் தலையில் போட்டபடி முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம்.

பராசக்தி கடைசி விரலையும் பிரித்தெடுத்தாள். யன்னலைச் சாத்தினாள். அறைக் கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கமாகக் கொண்டியையும் கொழுவினாள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நஞ்சு தலைக்கு ஏற ஏறப் பிதற்றுவார் என்றும் சொன்னார்கள். எதைப் பிதற்றுவார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பராசக்திக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலேயே, பார்க்க யார் யார் வருவார்கள் என்று அவள் எண்ணத் தொடங்கியது அதற்குத்தான்.

தம்பிஐயா நுவரெலியாவில் ஜீப் ஓட்டியவர். ஒரு ஹோட்டலுக்குச் சொந்தமான பழைய லாண்ட் றோவரில் வெள்ளைக்காரப் பயணிகளை விடியமுன் ஏற்றிக்கொண்டு பட்டிப்பொலைப் பக்கத்தால் மேலே ஏறுவார். போகப் போக மரங்கள் குட்டையாகும். பிறகு மரமும் அருகி, வெறும் புல்வெளி காற்றில் புரண்டு கிடக்கும் உயரம் வரும். அங்கே வீடில்லை, தேயிலையில்லை, ஆளில்லை. அந்த வெளியின் கரையில் ஓரிடத்தில் நிலம் திடீரென்று அற்றுவிடும். உலக முடிவு என்று அதற்குப் பெயர். வெயில் ஏறமுன் அங்கே போய்ச் சேராவிட்டால் பள்ளத்திலிருந்து பனிப்புகார் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். கடல் கடந்து வந்தவர்கள் வெள்ளைச் சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். தான் கொண்டுபோன ஒருவரும் அப்படித் திரும்பியதில்லை என்பது தம்பிஐயாவின் பெருமை. வழியில் நிறுத்தி நிறுத்தி மரைமானைக் காட்டுவார், சிவப்புப் பூ மரத்தைக் காட்டுவார், அட்டை கடித்த கால்களுக்குச் சவுக்காரம் பூசிவிடுவார், பொழுதுபடமுன் எல்லாரையும் பத்திரமாக ஹோட்டல் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்.

சின்னப் பிள்ளையாகப் பராசக்தி ஒரேயொரு தரம் அந்த ஜீப்பில் போயிருக்கிறாள். பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாயோடு போனபோது, பின் இருக்கையில் இடமிருந்தது என்று தகப்பன் ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் வெள்ளைக்காரர்கள் துணி விரித்து இருந்து சாப்பிட்டார்கள். தகப்பன் ஒரு கிழவியின் தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் எழும்பிய பிறகு, மிஞ்சிய பாண் துண்டுகளை எடுத்துவந்து ஜீப்பின் படியில் குந்தியிருந்து, “வா பிள்ளை, நல்ல வெண்ணெய் பூசினது,” என்று சிரித்துக்கொண்டு கூப்பிட்டார். பசியில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு நல்ல பசி.

பிறகு அவள் படித்து ஆசிரியையானாள். கலியாணம் பேசி வந்த தரகர், “தகப்பன் மலைநாட்டிலை என்ன உத்தியோகம்?” என்று கேட்டார். தாய் வாய் திறக்கமுன் கதவுக்குப் பின்னாலிருந்து பராசக்திதான் சொன்னாள், “ஹோட்டல் மனேச்சர்” என்று. கலியாணத்துக்கு வந்திறங்கிய தம்பிஐயாவிடம் தாய் அதைக் குசுகுசுத்தபோது அவர் மகளை ஒருமுறை பார்த்தார். ஏசவில்லை. அடுத்த நாள் பட்டணத்துக்குப் போய் ஒரு கோட்டு வாங்கிவந்தார். வைகாசி வெக்கையில், சோமசேகரத்தின் சொந்தக்காரர்கள் நடுவே, கலியாணம் முடியும்வரை அந்தக் கோட்டைக் கழற்றாமல் நின்றார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஹோட்டலின் கராஜோடு ஜீப்பும் எரிந்தது. அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சாரத்தோடு மகள் வீட்டு வாசலில் நின்றார். தாய் அப்போது உயிரோடு இல்லை. அன்றுமுதல் இந்த ஒன்பது வருஷமும் ஜீப் என்ற சொல் அவர் வாயில் வந்து பராசக்தி கேட்டதில்லை. யாராவது ஹோட்டலைப் பற்றிக் கேட்டால், “ஓம், அங்கை நல்ல குளிர்தான்,” என்பார். அதோடு எழும்பி முற்றம் கூட்டப் போய்விடுவார்.

“என்ன பிள்ளை, மாமாவுக்கு எப்பிடி இருக்கு?” மீனாம்பிகை வாழைப்பழத்தை மேசையில் வைத்தாள்.

“அப்பிடியேதான் மச்சாள். இப்பதான் கண்ணயர்ந்தவர்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “லெஃப்ட் சைட் பாருங்கோ, சேர்! மரை! சத்தம் போடாதேங்கோ, ஓடிப்போடும்.”

மீனாம்பிகை அறைக் கதவைப் பார்த்தாள். கொழுவியிருந்த கொண்டியையும் பார்த்தாள்.

“பிதற்றுறார்,” என்றாள் பராசக்தி. “நஞ்சு தலைக்கு ஏறினா உப்பிடித்தானாம். ஹோட்டலுக்கு வந்த ஆக்களோடை கதைக்கிறதெண்டு நினைப்பு.”

“ஒருக்கா முகத்தைப் பாத்து, ஒரு தேவாரம் படிச்சுப்போட்டு வரட்டே?”

“டொக்டர் ஆக்களை விடவேண்டாமெண்டவர் மச்சாள். நீங்கள் இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்.”

டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

குசினியில் அடுப்பை மூட்டும்போதும் தகப்பனின் குரல் துரத்திக்கொண்டு வந்தது. ஒரு வெள்ளைக்காரியை ‘மேடம்’ போட்டுக் கெஞ்சினார். கால் வழுக்கும், என்ரை தோளைப் பிடியுங்கோ என்றார். சேறு பட்ட சப்பாத்தைக் கழட்டித் தாங்கோ, நான் துடைச்சுத் தாறன் என்றார். பராசக்திக்குக் காது சுட்டது. சப்பாத்துத் துடைக்கிற மனேச்சரை மச்சாள் எங்கே கண்டிருப்பாள்?

பின்விறாந்தையில் புட்டு மாவுக்கென்று ஊறவைத்த அரிசி சுளகில் கிடந்தது. பராசக்தி அதை அள்ளி உரலில் போட்டாள். உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்கினாள். நோயாளி கிடக்கிற வீட்டில் ஒருவரும் இடிக்கமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாததல்ல. உலக்கை விழ விழக் குரல் கேட்கவில்லை. தூக்கும் இடைவெளியில் மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. அவள் இன்னும் விரைவாக இடித்தாள்.

இளநீர் வாங்கப் போயிருந்த சோமசேகரம் வந்து, உள்ளே போய், பின்விறாந்தைக்கு வந்தார்.

“என்ன செய்யிறீர் பராசக்தி? நிப்பாட்டும் உதை. மாமா உம்மைக் கேக்கிறார்.”

“என்னவாம்?”

“எல்லாரும் ஏறியாச்சோ எண்டு கேக்கிறார். பிள்ளை ஏறேல்லையாம். வா பிள்ளை, புகார் வரப்போகுது எண்டு கூப்பிடுறார்.”

பராசக்தி நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தாள். வந்த வார்த்தை அவள் யோசித்து வந்ததல்ல.

“கதவைச் சாத்திப்போட்டே வந்தனீங்கள்?”

சோமசேகரம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பிப் போனார். அவள் மறுபடியும் இடித்தாள். அரிசி எப்போதோ மாவாகியிருந்தது. மாவு பறந்து கையிலும் சேலையிலும் அப்பியது. இடித்துக்கொண்டேயிருந்தாள்.

யாரோ உலக்கையைப் பிடித்தார்கள். சோமசேகரம். அவர் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிச் சுவரில் சாத்தினார். வீட்டுக்குள் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் மாவுக் கையோடு ஓடினாள்.

கதவு விரியத் திறந்திருந்தது. யன்னலும் திறந்திருந்தது. தம்பிஐயா தலையணையில் கொஞ்சம் உயர்ந்து, எதிரே பார்த்தபடி கிடந்தார். அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால் இருந்த றங்குப் பெட்டிக்கு மேலே மீனாம்பிகை குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னே வளைத்து, ஓடுகிற வாகனத்தில் இருக்கிறவள் மாதிரி இருந்தாள். பராசக்தியைக் கண்டபிறகுதான் கையை எடுத்தாள்.

“இப்பதான் பிள்ளை,” என்றாள். “கரைச்சல்பட்டுப் போகேல்லை.”

பராசக்தி கட்டிலடியில் நின்றாள். கிட்டப் போக முடியவில்லை.

“ஏறின ஆக்கள் காணாதெண்டு அந்தரப்பட்டார். அதுதான் நான் பின்னுக்கு ஏறினனான்,” மீனாம்பிகை மூக்கைச் சிந்தினாள். “கொஞ்சம் போக, நிப்பாட்டிப்போட்டு ஒரு மரையைப் பாக்கச் சொன்னார். கண்டனீங்களோ மேடம் எண்டு கேட்டார். கண்டனான் எண்டு சொன்னன்.”

அவள் எழும்பி வந்து தம்பிஐயாவின் கண்களை மூடிவிட்டாள். மகள் செய்யவேண்டியதை மச்சாள் செய்தாள். பராசக்தி மாவு அப்பிய கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளிப்பாட்ட ஆட்கள் வரும்வரை அவள் கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சோமசேகரம் பின்னால் வந்தார்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?” அவள் திரும்பாமலே கேட்டாள்.

“மாமா வந்த வருஷமே.”

“ஆர் சொன்னது?”

“அவர்தான். பின்னேரத்திலை நாங்கள் ரெண்டுபேரும் கோயிலுக்கு நடந்து போறனாங்கள்தானே. போக வர உதுதான் கதை. எந்த இடத்திலை கியர் மாத்தவேணும், எந்த வளைவிலை வெள்ளைக்காரர் கண்ணை மூடுவினம், மழைக்கு எந்தப் பள்ளத்திலை சில்லுப் புதையும், எல்லாம் எனக்குப் பாடம். சந்தோசமாச் சொல்லுவார். வீட்டு ஒழுங்கைக்குள்ளை திரும்பினவுடனை நிப்பாட்டிப்போடுவார்.”

“எனக்கேன் நீங்கள் சொல்லேல்லை?”

சோமசேகரம் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றினார்.

“சொல்லவேண்டாமெண்டவர். ‘தம்பி, அவள் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டாள், அதை நான்தான் காப்பாத்திக் குடுக்கவேணும்’ எண்டு கேட்டுக்கொண்டவர்.”

வாழை இலையொன்று காற்றில் கிழிந்து அசைந்தது. பராசக்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோமசேகரம் அவளுடைய தோளைத் தொடக் கையெடுத்தார். அவள் ஒதுங்கிக்கொண்டாள். கோபமில்லை. அந்தக் கையின் ஆறுதலுக்குத் தனக்கு உரிமையில்லை என்று பட்டது.

பொழுது சாய முற்றம் நிறைந்துவிட்டது. தம்பிஐயாவுக்கு வேட்டி உடுத்தி, திருநீறு பூசிக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றியிருந்து ஒப்பாரி சொன்னார்கள். பேப்பருக்கு மரண அறிவித்தல் கொடுப்பதற்காக ஒன்றுவிட்ட தம்பி கதிரவேலு வந்து பராசக்திக்குப் பக்கத்தில் குந்தினான்.

“அக்கா, ஐயாவின்ரை உத்தியோகத்தை என்னெண்டு போட?”

பெண்களின் ஒப்பாரி ஒருகணம் தணிந்தது போலிருந்தது. சோமசேகரம் தூணோடு நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முற்றத்தைப் பார்த்தார். சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். சுற்றியிருந்த முகங்களைப் பராசக்தி பார்த்தாள். பள்ளிக்கூடத்து அதிபர், பக்கத்து வீட்டு ஓவசியர், அவருடைய மனைவி. அவளுடைய வாய் திறந்தது. அதிபர் நிமிர்ந்து பார்த்ததும் மூடிக்கொண்டது.

“இளைப்பாறிய ஹோட்டல் மனேச்சர் எண்டு போடும் தம்பி,” என்றாள் மீனாம்பிகை. அவள் பிணத்தின் காலடியில் இருந்து ஊதுபத்தியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. குரலில் ஒரு குத்தலும் இல்லை.

கதிரவேலு எழுதினான். “பிள்ளையள்?”

“ஒருத்திதான்,” என்றாள் பராசக்தி. அதற்கு மட்டும் குரல் வந்தது.

அடுத்த நாள் காலையில் கிரியை முடிந்து, பறை அடித்துக்கொண்டு எடுத்தார்கள். மகன் இல்லாததால் சோமசேகரம் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். பெண்கள் கேற்றுவரை குழறிக்கொண்டு போய்த் திரும்பினார்கள். கூடத்தைக் கழுவும் வாளிச் சத்தம் கேட்டது. சேலை மாற்றிக்கொண்டு பராசக்தி கிணற்றுக்கட்டுக்குப் போனாள். மீனாம்பிகை அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இரு பிள்ளை. நான் தண்ணி வாக்கிறன்.”

பராசக்தி கல்லில் குந்தினாள். முதல் வாளி குளிர்ந்து தலையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அவள் முகத்தைக் கையால் வழிக்காமல், தண்ணீர் வழியும்படி விட்டுக் குந்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. பறைச் சத்தம் ரயில் பாதைக்கு அப்பால் தேய்ந்துகொண்டு போயிற்று.

“தண்ணி காணுமே, பிள்ளை?”

“இன்னும் ஒரு வாளி வாருங்கோ, மச்சாள்.”

மீனாம்பிகை வார்த்தாள். பிறகு கேட்காமலே கயிற்றைத் திரும்பவும் உள்ளே விட்டாள். கப்பி கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. வாளி போய்த் தண்ணீரில் விழும்வரை இரண்டுபேரும் ஒன்றும் பேசவில்லை.