ஊசிக்கு வந்த பூங்கனி

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று பனையையே உலுக்கிவிடும். மேஜை மேல் கிடக்கிற அட்டைகள் அதற்கு எம்மாத்திரம். கிளார்க் நேசபாய் ஜன்னலை இழுத்துச் சாத்துவதற்குள் நோயாளிகளின் அட்டைகள் கட்டுக் கட்டாகப் பறந்து ஆஸ்பத்திரித் தரையெங்கும் சிதறிவிட்டன.

குனிந்து பொறுக்கும்போதே அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐந்து வருஷமாகிவிட்டது, இந்த ஜன்னலுக்கு ஒரு கொண்டி வரவில்லை. பனையேறி மகள் பி.ஏ. படித்துவிட்டு வந்து கேட்டால் உடனே போட்டுவிடுவதா என்று ஹெட்கிளார்க் கோலப்பனுக்கு நினைப்பு.

வெளியே கூடத்துப் பெஞ்சுகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கருப்பட்டிக்காரப் பூங்கனி. வடசேரிச் சந்தையில் கருப்பட்டி விற்பவள். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வருவாள். வந்தால் தைலத்தோடு நிறுத்தமாட்டாள். பக்கத்தில் யார் இருந்தாலும், "ஒனக்கு என்ன சூக்கேடு?" என்று ஆரம்பிப்பாள். காலையில் அவள் காதில் விழுந்த நோய் மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க நடமாடும். நேசபாய்க்கு அவளைக் கண்டாலே ஆகாது.

இன்று மாமியாரோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி மக்கா, ஒனக்க பேரென்ன?"

"பூங்கனி."

"கொள்ளாம். எனக்கும் அதே பேருதான். என்ன சூக்கேடு?"

"காய்ச்சலு," என்று மாமியார் முந்திக்கொண்டாள். "வாராவாரம் வந்தும் விடமாட்டேங்கு. நல்ல சரக்குன்னு சொல்லி எனக்க மவன் தலையில கெட்டிவச்சிட்டாவ."

காய்ச்சல் இல்லை. இளைய பூங்கனியின் முதுகில் ஒரு தேமல் இருந்தது. குத்தினாலும் உறைக்காத தேமல். அதற்குத்தான் செவ்வாய்தோறும் மரோட்டி எண்ணெய் ஊசி. மரோட்டி எண்ணெய் எந்த நோய்க்கென்று நாஞ்சில் நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். குஷ்டம் என்று அந்த மாமியாருக்குத் தெரிந்தால், அன்றைக்கே கைப்பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். அதனால் டாக்டரம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஊசிக்காரர்களின் அட்டைகள் தனிக் கட்டு. அவற்றைப் படித்துப் பெயர் விளிக்கவே கூடாது. நர்ஸ் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிப் போவாள். பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சல்காரி போகிறாள் என்றிருக்கும்.

நேசபாய் பொறுக்கிய அட்டைகளைத் தனிக் கட்டைப் பிரிக்காமலே தட்டி அடுக்கினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. மேலே கிடந்ததை எடுத்தாள். கண் ஓடிய வேகத்துக்கு வாயும் ஓடியது.

"பூங்கனி. மரோட்டி ஊசி."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

இளையவள் பாதி எழுந்திருந்தாள். பெயரைக் கேட்டு எழுந்த உடம்பு, அடுத்த வார்த்தையில் அப்படியே நின்றுவிட்டது. மாமியார் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"ஏட்டி, ஒன்னையா விளிக்கியாவ?"

நேசபாய் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் கெடும்.

"அவள என்னத்துக்கு விளிக்கா? என்னயில்லா விளிக்கா." கருப்பட்டிக்காரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏ எழுத்துக்காரப் பிள்ளே, நாலு பேருக்கு முன்ன இப்பிடியா கூவது? காலுவலின்னு சொல்லி இத்தன நாளு மறச்சு வச்சிருந்தேன். கெடுத்துப் போட்டியே."

பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியானது. மாமியார் மருமகளைச் சேர்த்து அணைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தள்ளி வாட்டி. அவ சீல ஒம்மேல பட்டிரும்." கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஓர் அணைப்பு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்காது.

ஒதுங்கிக்கொண்ட பெண்களுக்கு நடுவே கருப்பட்டிக்காரி நொண்டி நொண்டி ஊசி அறைக்குப் போனாள். நேசபாய் பின்னாலேயே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

"பிழ எனக்கது. இப்பமே போய் எல்லார்ட்டயும் சொல்லுகேன், ஒங்களுக்கு அது இல்லன்னு."

"சொல்லு. அந்தக் கூடத்துல பூங்கனி ரெண்டு பேரு. ஒருத்திக்கு இல்லன்னா மத்தவளுக்குன்னு ஆவும். இதக் கண்டுபிடிக்க பி.ஏ. வேணுமா பிள்ளே?"

நேசபாய் கதவிலிருந்து கையை எடுத்தாள். டாக்டரம்மாவே வந்து கிழவிக்கு நோயில்லை என்று சொன்னாலும் அதே கதிதான். ஒருத்தியைக் கழுவினால் அழுக்கு மற்றவள் மேல் போய் விழும்.

"ஒங்க கருப்பட்டிய இனி ஆரு வாங்குவா?"

"ஆரும் வாங்கமாட்டாவ. நானா இருந்தாலும் வாங்கமாட்டேன்."

"பின்னே என்னத்துக்கு இப்பிடிச் செய்தீய?"

கிழவி கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். "பக்கத்துலதான இருந்தேன். அந்தப் பிள்ளைக்கி மார்ல பாலு கெட்டி சட்ட நனஞ்சு கெடக்கு. அவள வெளிய தள்ள ஒரு வீடு நெறைய ஆளு இருக்கு. எனக்கு ஆருமில்ல, என்னத் தள்ளணும்னா நானேதான் தள்ளணும்." பிறகு சிரித்தாள். "எத்தன பேர நான் மென்னு துப்பியிருக்கேன். கொஞ்ச நாளு ஊரு என்னய மெல்லட்டு. நீ போயி அந்தப் பிள்ளைய வேற வழியா கூட்டிட்டு வரச் சொல்லு. அவளுக்க ஊசி தப்பிரக் கூடாது."

அடுத்த சந்தை நாளில் நேசபாய் வடசேரிக்குப் போனாள். கருப்பட்டிக்காரியின் பழைய இடத்தில் யாரோ வெள்ளரிக்காய் பரப்பியிருந்தார்கள். அவளைச் சந்தை வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தார்கள். அவிழ்க்காத ஓலைச் சிப்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே படுத்திருந்த நாயோடு விலை பேசிக்கொண்டிருந்தாள். "ஒனக்குன்னா கொறச்சுத் தாரேன். வாங்குகியா?"

நேசபாய்க்குச் சந்தை மேல் கோபம் வந்தது, காற்றின் மேல் வந்தது, தன் வாயின் மேல் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே கோபத்தைக் கைக்கம்பாக ஊன்றி வந்தவள் அவள். இந்தக் கிழவிக்கு முன்னால் அது ஊன்றவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு ஒருத்தி நாயோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கை கூப்ப வேண்டும் போலிருந்தது. கூப்பினால் எதற்கென்று நாலு பேர் கேட்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு தூரத்திலேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் யார் பெயரையும் விளிக்கவில்லை. நேசபாய் டாக்டரம்மாவிடம் சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு. எல்லா நோயாளிகளையும் பக்கத்தில் போய்த்தான் அழைக்க வேண்டும். "இது ஆஸ்பத்திரியா, ஊமைப் பள்ளிக்கூடமா?" என்று கோலப்பன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

கருப்பட்டிக்காரி வந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நேசபாயின் மேஜையருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எனக்க பேர ஏன் விளிக்கல்ல?"

"இனி ஆரு பேரையும் விளிக்கதில்ல."

"மத்தவ பேர விளிக்காண்டாம். எனக்கத விளி. அந்தா மாமியாரு இருக்கா பாரு. அவளையும் என்னையும் மாறி மாறிப் பாக்கா. நான் சும்மா இருந்துட்டுப் போனா அவளுக்குச் சந்தேகம் வரும். ஊசியச் சேத்துச் சத்தமா விளி."

"எத்தன நாளைக்கு?"

"அவளுக்க சூக்கேடு மாறது வர."

வருஷக்கணக்காகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நேசபாய் அதைச் சொன்னாள்.

"ஆவட்டு. எனக்கு வேற சோலி என்ன இருக்கு. சந்தைக்கும் போவாண்டாம்." கிழவி திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சூப்பிரண்டு வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திராத நேசபாய் எழுந்து நின்றாள்.

"பூங்கனி. மரோட்டி ஊசி."

குரல் கூடத்தின் கடைசிச் சுவர்வரை போயிற்று. பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மாமியார் மருமகளை அணைத்துக்கொண்டாள்.

"வருகேன், வருகேன். கழுத மாதிரி கத்தாத," என்று கருப்பட்டிக்காரி சிடுசிடுத்தபடி எழுந்து, யாரையும் பார்க்காமல் நொண்டிக்கொண்டு போனாள். ஊசி அறைக் கதவு சாத்தும்வரை நேசபாய் உட்காரவில்லை.