நெட்டுப் பங்கு

தீர்த்தகிரியின் கருமாதி முடிந்த மறுநாள், அவர் விட்டுப்போன ஐந்து ஏக்கர் மானாவாரிக் காட்டைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவன் மாது, இளையவன் நஞ்சப்பன். வில்லங்கம் கிடையாது, வம்பு வழக்கு கிடையாது. வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் முடிந்திருக்க வேண்டிய காரியம், மூன்று நாள் இழுத்தது. இழுத்தவன் மாதுதான்.

கடத்தூருக்குக் கிழக்கே கரட்டுச் சரிவில், அகலம் குறைந்து நீளம் அதிகமாக, மேலிருந்து கீழே இறங்கிக் கிடந்தது அந்தக் காடு. தீர்த்தகிரி அதை நான்கு அடுக்காக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் குறுக்கே கல் வரப்பு போட்டிருந்தார். மேல் இரண்டு அடுக்கும் சரளை. சாமையும் கொள்ளும் வந்தால் உண்டு. கீழ் இரண்டும் ராகிக்கென்றே பிறந்த மண். மழையில் அடித்துவந்து வரப்போரம் ஒதுங்கும் மண்ணைச் சித்திரையில் குடும்பமே கூடையில் அள்ளி, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டும். கழுத்து ஒடிகிற வேலை. அந்த மனிதர் இருந்தவரை ஒரு வருஷமும் தப்பியதில்லை.

மேல் மூன்று அடுக்கும் மூத்தவனுக்கு, கடைசி அடுக்கு இளையவனுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். கடைசி அடுக்கு ஒன்றே மற்ற மூன்றுக்கும் ஈடு என்பது அவர்கள் கணக்கு. மாதுவும் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அங்கே அவன் மனைவி பாஞ்சாலி களியைத் தட்டில் போட்டபடி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"அப்போ கறி உங்க தம்பிக்கு, எலும்பு நமக்குங்களா?"

அவனுக்குக் களி இறங்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"குறுக்க வேண்டாங்க. நெட்டுக்குப் பிரிங்க. மேலருந்து கீழ வரைக்கும் கயித்தப் புடிங்க. நல்லதுலயும் பாதி, கெட்டதுலயும் பாதி."

நஞ்சப்பனே சரி என்றான். கயிறு பிடித்தார்கள். நட்டநடுவில் கடப்பாரையால் பாறைவரை குழி தோண்டி எல்லைக்கல் நட்டார்கள். மாட்டு ஜோடியையும் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மாடு பாவம், அதற்கு நியாயம் தெரியாது, இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை. மாதுவுக்கு ஊரில் நியாயஸ்தன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த ஆடியில் ஆளுக்கொரு மாட்டை இரவல் வாங்கி ஏர் பூட்டியபோதுதான் தெரிந்தது. ஆளுக்கு முப்பது தப்படி அகலம். குறுக்கே ஓட்டினால் முப்பது தப்படிக்கு ஒரு தரம் மாட்டைத் திருப்ப வேண்டும். திருப்பித் திருப்பியே பொழுது போய்விடும். ஆகவே இருவரும் மேலிருந்து கீழாக ஓட்டினார்கள். ஏர் போக வழிமறித்த கல் வரப்பை அங்கங்கே பிரித்தார்கள். பிரித்த கல்லை எல்லையில் நடு வரப்பாக அடுக்கினார்கள். அப்பன் குறுக்கே போட்டது அத்தனையும் இரண்டே வருஷத்தில் நெட்டாகிவிட்டது.

தண்ணீருக்கு வேறென்ன வேண்டும்? உழவுசால் ஒவ்வொன்றும் அதற்குப் போட்டுக்கொடுத்த பாதை. நடு வரப்போரம் முதல் வருஷம் விரல் நனைகிற அளவு ஓடியது. அடுத்த வருஷம் கணுக்கால் அளவு பள்ளம் விழுந்தது. நஞ்சப்பன் தன் பக்கம் மண் அணைத்து அதை மாது பக்கம் தள்ளினான். மாது சும்மா இருப்பானா? இவனும் அணைத்து அவன் பக்கம் தள்ளினான். இப்படித் தள்ளித் தள்ளியே பள்ளம் முழங்காலுக்கு வந்தது.

சித்திரையில் பாஞ்சாலி கூடையோடு கீழ்க்கோடிக்குப் போனாள். வண்டல் குவிந்து கிடந்தது. இரண்டு கூடை அள்ளியிருப்பாள், நஞ்சப்பன் மனைவி கண்ணம்மாள் வந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள். இது எங்கள் பக்கத்திலிருந்து இறங்கிய மண் என்றாள். இல்லை, எங்களுடையது என்றாள் இவள். மண்ணில் பெயரா எழுதியிருக்கிறது? இழுத்த இழுப்பில் கூடை கிழிந்தது. அதற்குப் பிறகு இரு வீட்டாரும் மண் சுமப்பதை விட்டார்கள். அள்ளுவாரில்லாத வண்டலை அடுத்த மழை அடிவாரத்து ஏரிக்குக் கொண்டுபோனது.

உலகச் சண்டை வந்து ரங்கூன் அரிசி நின்றுபோன வருஷம், ராகிதான் உயிர் என்று ஆனது. பொம்மிடிச் சந்தையில் ராகியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மாதுவின் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், ஒரே வேளைக் கூழ். அந்த ஆடியில் மூன்றாம் அடுக்கில் உழுதுகொண்டிருந்தபோது ஏர்க்கொழு எதிலோ மோதி நறநறவென்றது. குனிந்து கையால் தடவினான். பாறை. அவன் அப்பன் காலத்தில் இடுப்பளவு மண் இருந்த இடம் அது. தான் கேட்ட நியாயம் என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஏரை அப்படியே நிறுத்திவிட்டு, ஐந்து வருஷமாகக் கால் வைக்காத தம்பி வீட்டு வாசலில் போய் நின்றான்.

இன்னும் கீழ் அடுக்கில் மண் மிச்சம் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து குறுக்கே வரப்பைத் திருப்பிப் போடுவோம், கல்லை நானே சுமக்கிறேன் என்றான். நஞ்சப்பன் கேட்டுக்கொண்டான். அவனும் இளைத்துத்தான் இருந்தான்.

"குறுக்க போட்டா நடு வரப்பு நிக்குமா?"

"அத எடுத்துத்தான்டா போடணும்."

"அப்பறம் எது உன்து எது என்துன்னு எப்பிடித் தெரியும்? அன்னிக்கு அத்தினி பேர் முன்னால நீதான கயித்தப் புடிக்கச் சொன்ன."

மாது காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தான். நஞ்சப்பன் உள்ளே போய்விட்டான்.

ஒற்றை ஆளாகத் தன் முப்பது தப்படிக்கு மட்டும் வரப்பு போட்டான் மாது. அரை வரப்பு எதைத் தடுக்கும்? ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் கரட்டு மேல் இருட்டிக்கொண்டு வந்து, பொழுது சாயும்வரை ஊற்றியது. அவன் வரப்பில் முட்டிய தண்ணீர் பள்ளத்துக்குத் திரும்பி, அங்கே வந்த தண்ணீரோடு சேர்ந்து, இரு பக்கமும் அறுத்துக்கொண்டு இறங்கியது. கதிர் பிடித்திருந்த ராகி வேரோடு போனது. பாஞ்சாலி மழையிலேயே போய்க் கையால் கல்லை எடுத்து எடுத்துப் போட்டாள். மாதுதான் இழுத்துக்கொண்டு வந்தான்.

காலையில் போய்ப் பார்த்தான். காடு இல்லை. மேலிருந்து கீழ்வரை கழுவிவிட்டாற்போல் பாறை தெரிந்தது. நடு வரப்புக் கல்லெல்லாம் ஏரிக்குப் போயிருந்தது. எல்லைக்கல் மட்டும் அசையாமல் நின்றது. பாறைவரை தோண்டி நட்ட கல் அல்லவா? அதன் அந்தப் பக்கம் நஞ்சப்பன் நின்றிருந்தான். அழுதிருந்தான் போல, கண் வீங்கியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கேட்டான்.

"சரியாப் பாதி இருக்குதா பாரு."

பார்க்கச் சொன்னால் பார்க்கிற ஆள்தானே மாது. கல்லுக்கு இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான்.

"இருக்குதுடா" என்றான்.

கார்த்திகை பிறக்கும் முன்பே நஞ்சப்பன் பெண்டு பிள்ளைகளோடு பிழைப்புத் தேடி மொரப்பூரில் ரயிலேறினான். மாதுவின் குடும்பம் அதற்கடுத்த வாரம் போனது.